எழுப்பிய பறவை முதுகைத்தான் காட்டும்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்கரைக்குக் கேமராவோடு வரும் நண்பர்களுக்கு,

பெயர் சொன்னால் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. அடையாளம் சொன்னால் தெரியும். கிழக்குக் கரையில், கருவேல மரத்தடியில், மடக்கு நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாயும் சாயம்போன பச்சைச் சட்டையுமாக உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். "என்னண்ணே, இன்னிக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நாலு எட்டு தாண்டிப் போய்விடுவீர்கள். கோபமில்லை. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் நடந்தேன்.

இந்த மடலை எழுதவைத்தது மார்கழி மாதக் கடைசி ஞாயிறு. உங்களில் மூன்று பேர் இருட்டு பிரியும் முன்பே வந்துவிட்டீர்கள். ஏரி நடுவே உள்ள மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் நாற்பது ஐம்பது இருக்கும். பாதிக்கு மேல் அடையில் இருந்தன. அரைமணி நேரம் போயிற்று. உட்கார்ந்த நாரை உட்கார்ந்தபடியே இருந்தது. "பறக்கவே மாட்டேங்குதே மச்சான்" என்று ஒருவர் சலித்துக்கொண்டது இக்கரை வரை கேட்டது. அப்புறம் ஒரு கைதட்டல். அசையவில்லை. "ஹோய்" என்று ஒரு சத்தம். கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்தன. மூன்றாவதாகத் தண்ணீரில் 'தொபுக்'கென்று ஒரு கல் விழுந்தது. மரம் மொத்தமும் எழுந்தது.

அந்த நாலைந்து நொடியில் மூன்று கேமராவுமாகச் சேர்ந்து சில நூறு படம் எடுத்திருக்கும். பிறகு சுற்றிக்கொண்டு வந்த ஒரு தம்பி, திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தேன். "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்லாயில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராத பாவத்துக்குத்தான் இப்போது இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

பாவ புண்ணியம் பேசப்போகிறான் கிழவன் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். முதலில் படத்தைப் பற்றியே பேசுவோம். அந்தத் திரையில் நான் பார்த்தது வால்கள், தொங்கும் கால்கள், முதுகுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த இறக்கைகள். இறகு ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய கூர்மை. ஆனால் அத்தனை படத்திலும் ஒரு கண்கூட இல்லை. எப்படி இருக்கும்? பயந்த பறவை பயமுறுத்தியவனுக்கு எதிர்த்திசையில்தான் பறக்கும். நீங்கள் நின்றது தென்மேற்கு மூலை, பைக் நிறுத்த வசதியான இடம். சூரியன் எதிரே. அன்றைக்கு வாடைக்காற்று. நாரைகள் காற்றுக்கு முகம் கொடுத்து வடகிழக்காகப் போயின, என் தலைக்கு மேலாக. அவற்றின் முகம் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு முதுகு கிடைத்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் முப்பது வருடம் கல்யாண ஸ்டுடியோ நடத்தியவன். பறவைப் படம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்தியம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாக அது இருக்கவேண்டும், அப்படி ஒன்று வருடத்துக்கு எத்தனை வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் பறக்கும் பறவையை எடுப்பதற்கு எனக்குக் குருவாக இருந்தது அந்தக் கல்யாண மேடைதான். தாலி கட்டும் நேரம் இரண்டு மூன்று நொடி. புகை, கூட்டம், நடுவில் நீட்டும் கைகள், பெண்ணின் முகத்தை மறைக்கும் நாத்தனார். அந்த நொடி வந்தபிறகு கேமராவைத் தூக்குகிறவன் தோற்றான். ஐயர் தட்டை நகர்த்தும்போதே, நாதஸ்வரக்காரர் மேளக்காரரைப் பார்த்துத் தலையாட்டும்போதே நம் விரல் தயாராக இருக்கவேண்டும். கெட்டிமேளம் முழங்கிய பிறகு வ்யூஃபைண்டருக்குள் இடம் தேடினால் மாப்பிள்ளையின் முழங்கைதான் கிடைக்கும்.

ஒரு தடவை ஃபிளாஷ் காலை வாரிவிட்டது. கூச்சத்தை விட்டு, "மாப்ளே, இன்னொரு தடவை கட்டுற மாதிரி கை வையுங்க" என்று கேட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வைக்கத்தான் வைத்தார்கள். படமும் விழுந்தது. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் கண் கேமராவில் இருக்கிறது, பெண்ணின் கண் தரையில். கல் விட்டு எழுப்பிய பறவையின் படமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

பறவைக்கும் கெட்டிமேளம் உண்டு. கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கேட்கும். பெரிய பறவைகள் எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எச்சமிடும். நாரை, கொக்கு, பருந்து எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். அடுத்து உடம்பு முன்னால் சாயும், கழுத்து நீளும், கால் மடங்கும். காற்றின் பக்கம் ஒரு தரம் முகம் திரும்பும். அந்தச் சாய்வுக்கும் எழும்புதலுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது. கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் தண்ணீரில் ஓட்டம் வேண்டும். கால் இரண்டும் தண்ணீரை உதைக்க ஆரம்பித்த இடத்திலிருந்து எந்தக் கோட்டில் வரும் என்று அப்போதே சொல்லிவிடலாம். பஞ்சுருட்டான் இன்னும் தயவானது. பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய குச்சிக்கே திரும்பி வரும். குச்சியின் மேல் ஃபோகஸை வைத்துவிட்டு டீ குடிக்கலாம். கருப்புவெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்துக்கொண்டு தொங்கும். புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்காகவே கடவுள் படைத்த பறவை அது. பனை உழவாரனை மட்டும் கேட்காதீர்கள். இருபது வருடமாக முயல்கிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் வானமும் ஓரத்தில் ஒரு கருப்புக் கீற்றும்தான்.

உங்கள் கையில் இருக்கும் யந்திரம் எங்கள் காலத்துக் கனவு. 1882-இல் எட்டியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பதற்காகத் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். தோளில் சாய்த்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் நொடிக்குப் 12 படம், ஒவ்வொன்றும் 1/720 நொடி. சுட்டுக்கொல்லாமல் பறவையைச் சுட்ட முதல் துப்பாக்கி அதுவாக இருக்கலாம். இன்றைக்கு உங்கள் மிரர்லெஸ் கேமரா நொடிக்கு இருபது முப்பது எடுக்கிறது. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து விடாமல் தொடர்கிறது. சிலவற்றில் பொத்தானை அழுத்துவதற்கு அரை நொடி முன்னால் நடந்ததைக்கூட எடுத்து வைத்திருக்கிறது. என் ஸ்டுடியோ காலத்தில் அது இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் முறைப்பு வாங்கியிருக்கமாட்டேன்.

எங்களுக்கு இருந்தது கையால் ஃபோகஸ் திருகும் 300 எம்எம் லென்ஸ், 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம், ரோலுக்கு 36 வாய்ப்பு. உச்சி வெயிலில் லென்ஸை 5.6-க்குத் திறந்தால் ஷட்டர் 1/500-க்கும் 1/1000-க்கும் நடுவே நிற்கும். காலை ஏழு மணி வெளிச்சத்துக்கு 1/250 கிடைத்தாலே பெரிது. நாரை நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/250 நொடிக்குள் அது 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 என்றால் அரை சென்டிமீட்டர். கேமராவையும் கூடவே திருப்பிக்கொண்டு போனால் உடம்பின் ஓட்டம் கழிந்துபோகும், இறக்கையின் வீச்சு கழியாது. அதனால் எங்கள் படங்களில் முகம் தெளிவாகவும் இறக்கை நுனி புகைந்தும் இருக்கும். அதை ஒரு அழகு என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். வேறு வழி? காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே கட்டிய ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான் எடுத்தார். அவருக்கு முன்னால் நாங்கள் சொகுசுக்காரர்கள். உங்களுக்கு முன்னால் நாங்கள் மாட்டுவண்டி.

ஃபோகஸும் அப்படித்தான். 400 எம்எம் லென்ஸ், 5.6 திறப்பு, பறவை பத்து மீட்டரில் என்றால் கூர்மை விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண். கூழைக்கடாவின் இறக்கை விரிப்போ இரண்டு மீட்டரைத் தாண்டும். அந்த ஒரு சாணுக்குள் கண் விழவேண்டும். விழாவிட்டால் மற்றது எல்லாம் விழுந்தும் பயனில்லை. நாங்கள் இதற்குப் பழகியது ஊர்க் காக்கையையும் மாடப்புறாவையும் வைத்து, மொட்டைமாடியில், ஃபிலிம் போடாமல். இப்போது அந்தப் பயிற்சியைக் கேமராவுக்குள் சில்லாகப் பதித்துக் கொடுத்துவிட்டார்கள். நல்லதுதான், பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் இந்த யந்திரம் நம்மை ஒரு விதத்தில் ஏமாற்றிவிட்டது. கூர்மை சுலபமானதும், பறக்கும் பறவையை எடுப்பதே சுலபமாகிவிட்டதென்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பறவை மட்டும் முன்னைப் போலவே தனக்குத் தோன்றும்போதுதான் எழும்புகிறது. நொடிக்கு முப்பது படம் எடுப்பதை வாங்கியவருக்கு அரைமணி நேரம் சும்மா உட்கார்வது கசக்கிறது. முன்பெல்லாம் ஃபிலிம் தீர்ந்துவிடும் என்ற பயமே எங்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. கல்லெறிந்து எழுப்பினால் 36-ம் ஒரே மூச்சில் காலி. எங்களிடம் இருந்த நல்ல குணத்தில் பாதி, சிக்கனம்.

சரி, கல்லில்லாமல் என்ன செய்வது? இதைத்தான் அன்றைக்கே அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கவேண்டும்.

காற்றைப் பாருங்கள். பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாக. காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களைப் பார்த்து வரும். மார்கழி, தை மாதக் காலைகளில் நம் பக்கம் பெரும்பாலும் வாடை, வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ. சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளிக் கிழக்கில். இரண்டும் முழுக்க ஒத்துப்போகாவிட்டாலும் கிழக்குக் கரையில் நின்றால் வெயிலும் காற்றும் ஓரளவு நம் பின்னால் வந்துவிடும். அதற்காகத்தான் அந்தக் கருவேல மரம். முள்ளின் மேல் எனக்கென்ன ஆசையா? சாயந்திரம் கொண்டல் எழுந்துவிட்டால் கணக்கு மாறும். காற்று கிழக்கே, சூரியன் மேற்கே. நம்மை நோக்கி வரும் பறவையின் முகம் நிழலில் இருக்கும். அப்போது முகத்தை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள். வெயில் ஊடுருவி ஒவ்வொரு இறகும் பனையோலை விசிறி மாதிரி ஒளிரும். வெள்ளைக் கொக்கு கரும்பச்சை மரத்துக்கு முன்னால் வந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் கொக்கு சுண்ணாம்பாகிவிடும். நீர்க்காகம் வெளுத்த வானத்தில் வந்தால் கூட்டுங்கள். இதையெல்லாம் கேமராவின் தானியங்கிக் கணக்குக்கு விடாமல் நாமே வைத்துக்கொள்வது நல்லது. வெயில் ஒன்றே, பின்னணிதான் மாறுகிறது என்பது அதற்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று. கூடு கட்டும் காலத்தில் நாரைகளை எழுப்பவே வேண்டாம். ஆண் பறவை சுள்ளி கொண்டுவந்துகொண்டே இருக்கும். குஞ்சு பொரிப்பதற்கு முன்னும் பின்னும் இலையோடு பச்சைக் கொப்பும் கொண்டுவரும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே தடம்தான். ஒரு காலைப்பொழுதில் நாலைந்து தரம் பார்த்துவிட்டால், எந்தக் கிளையைச் சுற்றிக்கொண்டு வந்து, எங்கே கால்களை முன்னால் நீட்டி, எங்கே இறக்கையைப் பாராசூட் மாதிரி விரிக்கும் என்பது பஸ் ரூட் போல மனப்பாடமாகிவிடும். அந்தத் தடத்தில் லென்ஸை வைத்துக் காத்திருந்தால் பறவை உங்களிடம் வரும், அதுவும் வாயில் சுள்ளியோடு, முகத்தில் ஒரு குடும்பஸ்தனின் அவசரத்தோடு.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. நத்தைகுத்தி, பக்கவாட்டில், இறக்கை இரண்டும் மேலே. பெரிய நத்தைகுத்திக்கு அலகின் இரண்டு பாதியும் நடுவே ஒட்டாது, பாக்குவெட்டியை லேசாகத் திறந்து பிடித்த மாதிரி ஒரு சந்து இருக்கும். இளம் பறவைக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். அந்தப் படத்தில் அலகின் சந்து வழியாக, அரிசி அளவுக்கு, நீல வானம் தெரிகிறது. அதற்கு அடுத்த ஃபிரேமில் இல்லை. முந்தினதிலும் இல்லை. தலையை அரை அங்குலம் திருப்பியிருந்தாலும் அந்த நீலம் கிடைத்திருக்காது. பதினோரு ஞாயிறு ஆயிற்று எனக்கு. அலுப்பாக இருந்ததா என்று கேட்டால், நாலாவது ஞாயிறுக்குப் பிறகு இல்லை. அப்போதுதான் எந்த நாரை எந்தக் கூட்டுக்காரன் என்று தெரிய ஆரம்பித்தது.

இதையெல்லாம் யோக்கியன் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லெறிந்த கை எனக்கும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில், தெற்கே ஒரு கிராமம். தப்பு என்னுடையது, ஊர்ப்பெயர் எதற்கு? கல்யாண வேலையாகப் போனவனுக்கு மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது, ரோலில் ஏழு ஃபிரேம் மிச்சம் இருந்தது. தெருவுக்குள்ளேயே புளியமரங்கள், அவற்றில் மஞ்சள்மூக்கு நாரைகள். கீழே ஓட்டுக்கூரையெல்லாம் வெள்ளையடித்த மாதிரி எச்சம், தெரு முழுக்க மீன் கவிச்சி. நாரைகள் எழும்புகிற வழியாகக் காணோம், பஸ் வந்துவிடும். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துக் கிளைமேல் விட்டேன். எழுந்தன. ஏழையும் அடித்தேன். முடிப்பதற்குள் எதிர்த் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்துவிட்டார்.

"ஏ அய்யா, பேறுகாலத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்த பொம்பளப்புள்ள மேல கட்டி எறியுதியே, நல்லாருப்பியா நீ?"

பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ரோலைக் கழுவியது பத்து நாள் கழித்து. கல்யாணப் படங்களுக்குப் பின்னால் அந்த ஏழும் வந்தன. நாரைகள் எல்லாம் கலங்கல், முதுகும் வாலுமாக. ஆறாவது படத்தில், இடது ஓரத்தில், ஒரு கூட்டின் விளிம்பில் காகம் ஒன்று நின்று உள்ளே தலையை விட்டிருந்தது. அங்கே நின்றபோது நான் அதைப் பார்க்கவேயில்லை. ஏழு படத்திலும் அச்சடித்த மாதிரி கூர்மையாக விழுந்தது அந்தக் காகம் ஒன்றுதான். அதற்குத்தான் அவசரம் இல்லை. அந்த நெகட்டிவை இன்னும் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் காட்டுகிறேன்.

தாய் கூட்டில் உட்கார்ந்திருப்பது நமக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது. வெயில் ஏறினால் நாரைகள் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும், தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து அவற்றின் மேல் ஊற்றும். அந்த நேரத்தில் கிளப்பிவிட்டால் கூட்டுக்குள் வெயிலும் காகமும் பருந்தும்தான். திருப்பி அடிக்கிற பறவையும் இல்லாமல் இல்லை. எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937-இல் ஆந்தைக் கூட்டருகே போய் ஒரு கண்ணை இழந்தார். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடுதான் பிற்பாடு பறக்கும் ஆந்தைகளை ஃபிளாஷ் வைத்து எடுத்துப் புகழ்பெற்றார். நம் நாரைகள் பாவம், அவ்வளவு தூரம் போவதில்லை.

அடைகாக்காத பறவையை எழுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தை நோக்கிப் படகை விடச்சொல்லி எழுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எனக்கும் புரிகிறது. நிற்கும் பூநாரை தூரத்தில் வெளிறிய கம்பு. இறக்கையை விரித்தால்தான் அந்தச் செந்நிறமும் கருப்பு விளிம்பும். ஆசை யாருக்கு இல்லை? ஆனால் பூநாரை நின்ற இடத்தில் இறக்கையடித்து எழும்புகிற பறவை அல்ல, சேற்றுத் தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பும். தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு அந்த ஓட்டம். அவற்றுக்குப் பக்கத்தில் மேயும் கொசு உள்ளானைப் பாருங்கள். எடை முப்பது கிராம் அளவுதான், ஆர்க்டிக் பகுதியில் பிறந்து இங்கே வருவது. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கவேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் படகு எழுப்பினால் சேர்த்தது செலவாகிவிடும். கொழுப்பு குறைந்த உள்ளான் எந்தக் கடலின் மேலே விழுந்தது என்று நமக்குத் தெரியப்போவதில்லை. நம் படத்தில் அது பறந்துகொண்டுதான் இருக்கும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், மிரட்ட அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் காட்டுயிரை விரட்டுவதும், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கிதான் இருக்கவேண்டும் என்றில்லை.

துப்பாக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. நமக்குப் பக்கத்திலேயே வேடந்தாங்கல். முப்பது ஹெக்டேர் ஏரி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, இனி சுடக்கூடாதென்று எழுத்தில் வாங்கிவந்தார்கள். அவர்கள் கணக்கு தெளிவு. நாரை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஊர்களின் பறவைகள் ஆளைக் கண்டு பதறாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தப் பிள்ளைகள் வெடிக்காமல் விட்ட வெடிகள். நம் ஏரியிலும் நாரைகள் இருபது முப்பது மீட்டர் வரை நம்மைப் பொறுத்துக்கொள்கின்றன. கைதட்டலுக்கு அசையாமல் கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்தனவே, அந்தப் பொறுமை யாரோ சேர்த்து வைத்தது. இரண்டு மார்கழி கல்லெறிந்தால் அது ஐம்பது மீட்டராகும், அப்புறம் நூறு. அப்போது 400 லென்ஸ் போதாது, 600 வாங்கவேண்டும். அதன் விலை எனக்குத் தெரியும். நாரையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அந்த மாதத் தவணையையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்துவிட்டது. முதலில் கட்டிய கூடுகளில் குஞ்சு பொரித்துவிட்டது, கிழக்குப் பக்கத்து மரத்தில் தாமதமாக வந்த நாலைந்து ஜோடி இன்னும் சுள்ளி சுமக்கின்றன. தடம் மதகுக்கு நேர் மேலே, பனை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. காலை ஆறே முக்காலிலிருந்து எட்டரை வரை நன்றாக ஓடும், அப்புறம் மந்தம். வரும் ஞாயிறு நான் ஆறு மணிக்கே அங்கே இருப்பேன். பைக்கைத் தென்மேற்கு மூலையிலேயே நிறுத்திவிட்டுக் கரை சுற்றி நடந்து வாருங்கள், பத்து நிமிட நடை. வெளிர்நிறச் சட்டை வேண்டாம். உட்கார ஏதாவது எடுத்துவாருங்கள், என் நாற்காலி ஒருவருக்குத்தான். பிளாஸ்கில் டீ இருக்கும்.

அன்றைக்குத் திரையைக் காட்டிய தம்பி கட்டாயம் வரவேண்டும். "நல்லாருக்கு" என்று சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் படங்களை அழித்துவிடாமல் கொண்டுவாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பெரிதாக்கி, கூடுகளின் ஓரமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருப்பவன்